பொம்மை வீட்டுக்குச் செங்கல் சுவர்

இதுவரை மூன்று பொம்மை வீடுகள் கட்டியிருக்கிறேன். மூன்றிலும் அதிக நாள் எடுத்தது வெளிச்சுவர்தான். எனக்கு அதிகம் பிடித்த வேலையும் அதுவே.

அளவை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் 1:12 அளவில்தான் செய்கிறேன். நிஜ வீட்டில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். 7 அடிக் கதவு 7 அங்குலமாகிவிடும், கணக்கு மனத்திலேயே நிற்கும்.

சுவருக்கு 6 மி.மீ. பிளைவுட் போதும். பசை தொடுவதற்கு முன் எல்லாப் பலகைகளையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பலகைகளுக்கு இரண்டு பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும். முதல் வீட்டில் வெளிப்பக்கம் மட்டும் அடித்தேன். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்ததால் முன்சுவர் வில்லாக வளைந்து, கதவு மூடவே இல்லை. அந்தச் சுவரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வெட்ட வேண்டியதாயிற்று. வாசலில் விளக்கு வைக்கும் எண்ணம் இருந்தால், அதன் ஒயருக்கான துளையையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

சரி, இனி செங்கல். இதற்கு முட்டை அட்டையை மிஞ்சிய பொருளை நான் பார்த்ததில்லை. அதன் சொரசொரப்பு சுட்ட மண்ணின் சொரசொரப்பேதான். அட்டையின் தட்டையான பகுதிகளை 6 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, பிறகு 19 மி.மீ. நீளத் துண்டுகளாக்குங்கள். 9 அங்குல நீளமும் 3 அங்குல உயரமும் உள்ள நிஜச் செங்கல் இந்த அளவுக்குத்தான் சுருங்கும். சில துண்டுகளின் முனையை நகத்தால் லேசாகக் கிள்ளிவிடுங்கள். 24 அங்குல அகலம், 18 அங்குல உயரமுள்ள ஒரு சுவருக்கு, கதவு ஜன்னல் போக, 1,500 செங்கலாவது வேண்டும். நான் மாலையில் வானொலி கேட்டபடி வெட்டி, ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டே வருவேன்.

சுவரில் பென்சிலால் வரிக்கோடுகள் போட்டு, மூலையிலிருந்து ஒட்டத் தொடங்குங்கள். மேல்வரிச் செங்கலின் நடு, கீழ்வரி இணைப்புக்கு நேராக வர வேண்டும். இடைவெளி ஒரு மி.மீ. தாண்டக் கூடாது. வெள்ளைப் பசை நன்றாகக் காய ஒரு நாள் விடுங்கள்.

வண்ணத்தில் அவசரம் வேண்டாம். சுவர் முழுக்க மங்கிய செம்மண் நிறத்தில் அக்ரிலிக் அடித்துவிட்டு, அப்புறம் சிறிய தூரிகையால் அங்கங்கே சில செங்கற்களுக்கு மட்டும் வேறு சாயல் கொடுங்கள்: ஒன்றுக்குக் கருஞ்சிவப்பு, இன்னொன்றுக்கு வெளிறிய ஆரஞ்சு, எப்போதாவது ஒன்றுக்குச் சாம்பல். ஒரே நிறத்தில் விட்ட சுவர் பிளாஸ்டிக் போலத்தான் தெரியும். காய்ந்ததும் மேட் வார்னிஷ் ஒரு கோட்டு கொடுங்கள். இதை விட்டுவிட்டால், அடுத்து இடுக்குகளை நிரப்பப் பூசும் பட்டி (சுவர்ப் புட்டி) செங்கல் நிறத்தையே விழுங்கிவிடும். தண்ணீர் கலந்து இளக்கிய பட்டியை விரலால் இடுக்குகளில் தேய்த்து, செங்கலின் முகத்தை மட்டும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுங்கள். அட்டைத் துண்டுகள் சுவராக மாறுவது அந்த நிமிஷத்தில்தான். இரண்டாவது வீட்டில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது, கையில் ஸ்பாஞ்சோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கூரை ஓடுகளுக்கு 1 மி.மீ. தடித்த அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போக வேண்டும். முதல் வரியை மட்டும் இரட்டையாக ஒட்டினால்தான் ஓடுகளின் சரிவு சீராக வரும்.

ஜன்னல் சட்டங்களுக்குப் பொருத்துவதற்கு முன்பே வண்ணமடித்துவிடுங்கள். கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் போதும்.

கடைசியாகப் பழமை. கறுப்பும் பழுப்பும் கலந்த வண்ணத்தைத் தண்ணீர்போல நீர்த்து, ஜன்னல் விளிம்பின் இரு முனைகளுக்குக் கீழே ஒரு துளி வையுங்கள். காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் நேராகக் கீழே இழுத்துவிடுங்கள். மழைநீர் வழிந்த தடம் அப்படியே பதிந்துவிடும்.