போட்டோவோடு போன வீட்டு விலாசம்

பழைய தையல் மெஷினை விற்க நாலு படம் எடுத்து ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஏரியா பெயர் மட்டும்தான் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை அவர் வாசலில் நிற்கிறார்! "படத்திலேயே லொகேஷன் இருந்ததேம்மா" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பகலில் வீட்டில் நானும் மகளும் மட்டும்தான்.

கேலரியில் அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்தேன். தேதி, நேரம், கீழே வரைபடத்தில் எங்கள் தெரு. அட்சரேகை, தீர்க்கரேகையில் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் இருந்தாலே ஏறக்குறைய 1 மீட்டர் அளவுக்கு இடத்தைக் குறித்துவிடலாம். எக்ஸிஃப் என்ற பெயரில் இது படக் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் போனின் லொகேஷனையே அணைத்தேன். மேப் வழி காட்டவில்லை. அப்புறம்தான் கேமரா செட்டிங்கில் லொகேஷன் டேக் தனியாக இருப்பதைப் பார்த்து, அதை மட்டும் அணைத்தேன். சரி, பழைய படங்கள்? அனுப்புகிற படத்தை விண்டோஸ் கணினியில் போட்டு ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போனால், அடியில் தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் பகிரும்போதே மேலே ஆப்ஷன்ஸைத் தொட்டு லொகேஷனை எடுத்துவிடலாம். தங்கைக்கு அப்படித்தான் காட்டிக் கொடுத்தேன்.

மகளின் பிறந்தநாள் படங்களை இன்று மாலை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்.