சுழல் கீறலுக்கு எந்த பாலிஷிங் மெஷின்?

தை, மாசியில் சம்பா அறுவடை ஓடும்போது தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் வெளியில் நிற்கும் கார் மேல் ஒரே நாளில் சுணை (நெல் உமித் தூசி) படிந்துவிடும். அதைக் காய்ந்த துணியால் துடைப்பதுதான் பெயின்டுக்கு எமன். நெல் உமியில் சிலிக்கா உண்டு. துணிக்கு அடியில் அது உப்புத்தாளாகத் தேய்க்கும். வெயிலில் பானட்டைப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரித் தெரிவது இந்தச் சுழல் கீறல்கள்தான்.

இவை நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் விழுந்தவை. அதன் கனம் பொதுவாக 40-50 மைக்ரான். பாலிஷ் போடுவது அதில் கொஞ்சத்தைத் தேய்த்து எடுப்பதே. நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலை எந்த மெஷினாலும் போக்க முயலாதீர்கள்.

பெயின்டிங் பட்டறைகளில் இருப்பது பெரும்பாலும் ரோட்டரி. ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், சூடும் சீக்கிரம் ஏறும். ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் போய்விடும்; தேய்க்கும் மெத்தையான பேடைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் நிழலாகக் கோடு விழும். காம்பவுண்டில் (தேய்க்கும் பசை) உள்ள எண்ணெய் அதை மறைத்துவிடும். நாலு வாஷ் ஆனபிறகே குட்டு வெளிப்படும். ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டுவது அதைவிட மோசம், அது நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடுவது.

சொந்தக் காருக்கு டூயல் ஆக்‌ஷன் வாங்குங்கள். பேட் சுற்றிக்கொண்டே ஊசலும் ஆடுவதால் சூடு ஓரிடத்தில் சேராது. 15 மி.மீ. ஆட்டமும், பேட் ஒட்டும் 5 அங்குல பிளேட்டும் போதும். 21 மி.மீ. பெரிய தட்டையான பானட்டுக்குச் சுகம். சின்னக் கார்களின் வளைவில் பேடின் சுற்று அடிக்கடி நின்றுபோகும். பம்பருக்கும் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூணுக்கும் 3 அங்குல மெஷின் தனியாக இருந்தால் நல்லது.

சுற்று நின்றுபோனால் வெறும் அதிர்வுதான் மிஞ்சும், கீறல் அப்படியே இருக்கும். கண்டுபிடிக்க பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு அசையாமல் தெரிந்தால் கை அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

முதலில் தண்ணீரை ஓடவிட்டுச் சுணையைக் கழுவி, ஷாம்பு போட்டு, களிமண் பாரால் (பெயின்டில் தேய்த்து அழுக்கை எடுக்கும் கட்டி) ஒட்டியிருப்பதை எடுங்கள். ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், கதவு விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். விளிம்பில்தான் பெயின்ட் மெலிதாக இருக்கும். வேலை நிழலில் நடக்க வேண்டும். தகடு சுட்டால் காம்பவுண்டு காய்ந்து தூளாகும்.

நடுத்தர ஃபோம் பேடில் பட்டாணி அளவில் 4 சொட்டு. இரண்டடிக்கு இரண்டடி இடம் மட்டும் எடுங்கள். வேகம் 1-இல் பரப்பி, 4 அல்லது 5-இல் குறுக்கும் நெடுக்கும் 4 முதல் 6 தடவை, நொடிக்கு ஓர் அங்குலம் போல மெதுவாக நகர்த்துங்கள். ஒரு காருக்கு 4, 5 பேடாவது வேண்டும். ஈரமும் பெயின்டும் ஊறிய பேட் வெட்டாது.

முதல் இடம் முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த நீரால் எண்ணெயைத் துடைத்து டார்ச் அடியுங்கள். கீறல் மிச்சமிருந்தால் பேடை மாற்றாமல் முதலில் காம்பவுண்டை ஒரு படி கடினமாக்கிப் பாருங்கள். சரியாக வந்த பேட், காம்பவுண்டு கூட்டணியையே மற்ற தகடுகளுக்கும் தொடருங்கள்.