ரோடாப்சினை வெஸ்டர்ன் பிளாட்டில் பார்ப்போம்: 1டி4 ஆன்டிபாடியோடு முதல் முயற்சி

மங்கிய ஒளியிலும் நமக்குப் பார்வை தருவது விழித்திரையின் கோல் செல்களில் நிறைந்திருக்கும் ரோடாப்சின் என்ற புரதம். புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் அதைக் கண்டறியப் புதியவர்களுக்கு நான் எடுத்துக்கொடுப்பது 1டி4. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மோல்டே குழு 1980களில் உருவாக்கிய மோனோகுளோனல் (ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும்) ஆன்டிபாடி இது.

பைப்பெட்டைத் தொடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இது எங்கே பிடிக்கிறது? ரோடாப்சின் 348 அமினோ அமிலங்களின் சங்கிலி. 1டி4 பற்றுவது வால் நுனியின் கடைசி 9 அமிலங்களை. பார்வையைப் பறிக்கும் மரபணுப் பிழைகளில் ஒன்று, சங்கிலியை 344ஆம் இடத்துக்கு வரும்போதே வெட்டிவிடுகிறது. அந்தச் சாம்பிளில் புரதம் இருந்தாலும் 1டி4 காட்டாது. எதிர்முனையைப் பிடிக்கும் 4டி2 என்ற இன்னொரு ஆன்டிபாடி அங்கே உதவும்.

படி 1: சுண்டெலியின் விழித்திரையை, டிடர்ஜென்ட்டும் புரோட்டியேஸ் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) தடுப்பான்களும் கலந்த பஃபரில் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கரையுங்கள்.

படி 2: எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபர் சேருங்கள். கொதிக்க வைக்காதீர்கள்! மற்றப் புரதங்களுக்கு 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்துப் பழகிய கை இங்கேயும் தானாக அதையே செய்யும். ரோடாப்சின் சவ்வுக்குள் ஏழு முறை நுழைந்து வெளிவரும் புரதம். சூடானால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அறை வெப்பத்தில் அரை மணி நேரம் போதும்.

படி 3: 10 அல்லது 12 சதவீத ஜெல்லில் ஓட்டி மெம்பிரேனுக்கு மாற்றுங்கள். சாம்பிளைக் குறைவாகவே ஏற்றுங்கள், விழித்திரையில் ரோடாப்சினுக்குப் பஞ்சமில்லை.

படி 4: 5 சதவீதப் பால்பொடிக் கரைசலில் ஒரு மணி நேரம் பிளாக் செய்து, 1டி4ஐ 1:1000 அளவில் கலந்து இரவு முழுவதும் 4 டிகிரியில் ஆட்டுங்கள். மறுநாள் மூன்று முறை கழுவி, சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியைச் சேருங்கள். திரும்பவும் நன்றாகக் கழுவி, ஒளிரும் கரைசலை ஊற்றிப் படமெடுங்கள்.

1டி4உம் சுண்டெலியிலிருந்து வந்தது என்பதால், திசுவில் மிச்சமிருக்கும் சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடிகளும் 25, 50 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே தலைகாட்டலாம். அதைப் பிரித்தறிய, 1டி4 படாத ஒரு துண்டையும் கூடவே ஓட்டுங்கள்.

ரோடாப்சின் 40 கிலோடால்டனை ஒட்டிச் சற்று அகலமாகத் தெரியும். அதன் இருமடங்கு அளவில் இன்னொரு பட்டை வந்தால் கலங்க வேண்டாம், இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து நிற்கின்றன. ஜெல்லின் உச்சியில் வெறும் கறை மட்டும் இருந்தால், சாம்பிளை யாராவது ஹீட் பிளாக்கில் வைத்தார்களா என்று முதலில் விசாரியுங்கள்.