கன்னியாகுமரி முதல் நீரோடி வரை: கடலோரமாகப் பல கட்டங்களில் நடப்பது எப்படி

கன்னியாகுமரியிலிருந்து கேரள எல்லையில் உள்ள நீரோடி வரை கடலோரமாக ஏறத்தாழ 60 கி.மீ. ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் பஸ் இருப்பதால் காலையில் நடந்துவிட்டு மதியம் வீடு திரும்பலாம். ஆனால் இந்தக் கரையில் கிலோமீட்டரைப் பார்த்துக் கட்டங்களைப் பிரித்தால் வழியில் மாட்டிக்கொள்வீர்கள். பிரிக்க வேண்டியது பொழிகளை வைத்துத்தான்.

ஆறும் ஓடையும் கடலில் சேரும் பொழிகள் இந்தப் பாதையில் பல உண்டு. மழை குறைந்த மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். அப்போது மேலேயே நடந்து போகலாம். மழை பெய்து உள்ளே தண்ணீர் ஏறினால் பொழி தானாக முறியும், அல்லது ஊர்க்காரர்கள் வெட்டிவிடுவார்கள். நேற்று மணல்திட்டாக இருந்த இடத்தில் இன்று ஆள் உயரத் தண்ணீர் ஓடலாம். அதனால் கிளம்பும் அன்று முந்தைய ஊரிலேயே கேளுங்கள்: "அண்ணே, பொழி முறிஞ்சு கெடக்கா, அடைஞ்சு கெடக்கா?" வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரைக் கேட்டாலும் சரியான பதில் வரும்.

முறிந்த பொழியின் கரையைக் கவனியுங்கள். மணல் சரிவாக இறங்காமல் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நின்று, துண்டு துண்டாகச் சரிந்துகொண்டிருந்தால் அடியில் ஓட்டம் வேகமாக இருக்கிறது என்று பொருள். முழங்கால் அளவு தண்ணீராகத் தெரிந்தாலும் இறங்கவே கூடாது. காலடி மணல் கரைந்து, வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கும் நேரத்தில், ஓட்டம் உங்களைக் கடலுக்குள் இழுத்துவிடும். பாலத்துக்குச் சுற்றிப் போனால் சில கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான்.

கட்டங்களை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் கன்னியாகுமரியிலிருந்து மணக்குடி, சுமார் 10 கி.மீ. தொடக்கத்தில் பாறைகள் உண்டு. அங்கே சாலையில் நடங்கள். பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழியைப் பாலத்தில் கடக்கலாம். 2004 சுனாமி அடித்துச் சென்ற பாலத்துக்குப் பதிலாகக் கட்டியது இது. இரண்டாவது கட்டம் பள்ளம், கேசவன்புத்தன்துறை, பொழிக்கரை வழியாக ராஜாக்கமங்கலம் துறை, சுமார் 12 கி.மீ. மூன்றாவது கட்டம் அழிக்கால், பிள்ளைத்தோப்பு வழியாக முட்டம். தூரம் குறைவுதான், ஆனால் நடுவில் ஆயிரங்கால் பொழி இருப்பதால் அவசரம் வேண்டாம். கலங்கரை விளக்கமும் பாறைகளும் உள்ள முட்டத்தில் மாலை வரை உட்காரலாம். நான்காவது கட்டம் கடியபட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியாகக் குளச்சல், சுமார் 11 கி.மீ. ஐந்தாவது தேங்காப்பட்டணம், ஆறாவது நீரோடி.

மணவாளக்குறிச்சியில் மணல் கறுப்பாக இருக்கும். இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்த கனிம மணல் இது. காலை பத்து மணிக்கு மேல் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். மணல் ஆலை வேலி போட்ட பகுதிகளில் நுழையாமல் சாலைக்கு ஏறிவிடுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் கடல் கரையை அரிக்கும், நடக்க மணலே இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடலைப் பற்றி மறக்கக் கூடாது. எங்கோ தெற்கே பெருங்கடலில் கிளம்பும் அலை இது; இங்கே காற்றே இல்லாமல் வானம் தெளிவாக இருக்கும்போதும் வந்து ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இத்தகைய கடலில்தான். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அது அமலில் இருக்கும் நாளில் மணலில் இறங்காதீர்கள். மற்ற நாளிலும் நடக்கும் முன் பதினைந்து இருபது நிமிடம் நின்று, அலை எதுவரை ஏறி ஈரமாக்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்க ஏற்றது ஈரமான கெட்டி மணல். அது வற்ற நேரத்தில் அகலமாகக் கிடைக்கும். வற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே சென்ற வாரக் கணக்கு இந்த வாரத்துக்கு உதவாது. மேற்கே நடக்கும்போது கடல் இடப்பக்கம். சரிவால் இடது கால் எப்போதும் தாழ்வில் பதியும். இரண்டு மணி நேரத்தில் முட்டியும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். அரைமணிக்கு ஒருமுறை மேல்மட்ட மணலுக்கோ ஊர்ச் சாலைக்கோ மாறி நடந்தால் இது வராது.

பின்பக்கம் வார் உள்ள செருப்புதான் சரி. ஷூவும் சாக்ஸும் போட்டால் மணல் புகுந்து கொப்புளம். வெறுங்காலில் நடந்தால் தூண்டில் முள். தொடை உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, சில்லறைக் காசு. ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும்.

கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள் மேலும், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் மேலும் நடக்காதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் போனால் எலும்பு முறியும். பின்னாலேயே ஊர்த் தெரு ஓடும், குருசடியை (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) அடையாளம் வைத்து அடுத்த ஊர் கேட்கலாம். கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுக்கும் இடத்தில் விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள். இழுப்பவர்களுக்குப் பின்புறமாகச் சுற்றுங்கள். காயப்போட்ட மீனையும் வலையையும் மிதிக்கக் கூடாது, பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், கரை அமைதியாக இருக்கும். ஆனால் பொழி நிலவரம் கேட்க ஆள் கிடைப்பது சர்ச்சில் பூசை முடிந்த பிறகுதான்.

குளச்சல், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் தடுப்புச் சுவர்கள் கரையை மறிக்கும், சாலைதான் வழி. தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி பெரிய பொழி, வருடம் முழுக்க நம்பக் கூடாதது. பஸ்ஸில் பாலம் வழியாக அக்கரை போய், பூத்துறை, தூத்தூர், வள்ளவிளை என்று நடையைத் தொடருங்கள்.

நீரோடி தாண்டினால் பொழியூர், கேரளம். தமிழ் பேசினால் போதும். பூவாறு வரை மணலில் போக நினைத்தால் நெய்யாற்றின் முகம் குறுக்கிடும். அங்கே படகுக்காரர்கள் சுற்றுலாச் சவாரிக்கு விலை சொல்வார்கள். அக்கரைக்கு மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். படகு ஒத்துவராவிட்டால் பொழியூருக்கே திரும்பி பாறசாலை பஸ் ஏறலாம். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் உண்டு.