மாதக் கடைசியில் கர்த்தரை நம்புவது எப்படி?

சம்பள நாளில் யாரும் நம்புவார்கள், 25-ஆம் தேதிக்கு மேல்தான் சோதனையே. முதலில் ஒரு தாளில் இன்றைய தேவையை மட்டும் எழுதுங்கள்: பால், பஸ் காசு, மாத்திரை, அவ்வளவுதான். அடுத்த வருட காலேஜ் ஃபீஸை அதில் சேர்க்காதீர்கள். பைபிளில் யாத்திராகமம் 16-ல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த மன்னா என்ற உணவும் நாளுக்குத் தலைக்கு ஒரு ஓமர் அளவுதான், மறுநாளைக்கென்று வைத்ததில் புழு பிடித்து நாறியது. ஆனால் மறுநாள் ஓய்வுநாள் என்பதால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்தார்களே, அதனால் சேமிப்பே அவிசுவாசம் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது, சீட்டுப் பணத்தைக் கட்டிவிட்டே ஜெபம் பண்ணுங்கள்.

அப்புறம் பிடியரிசி. அரிசி களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துக் காணிக்கை டப்பாவில் போடுவோமே, அதை அரிசி குறைந்த நாளிலும் விடாதீர்கள். ஒருமுறை எங்கள் வீட்டில் அளக்கும் டம்ளர் பானையின் அடியில் தட்டிச் சத்தம் கேட்டது. அம்மா அன்றும் எடுத்தார், கை மட்டும் கொஞ்சம் சின்னதாக மூடியது.

சரி, அதற்கு மேலும் இழுத்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பஞ்ச காலத்தில் காகங்கள் கொண்டுவந்த அப்பத்தை எலியா தீர்க்கதரிசி கௌரவம் பார்த்துத் திருப்பி அனுப்பவில்லை. சம்பளம் வந்ததும் முதல் வேலையாகக் கடனைக் கொடுத்துவிடுங்கள்.