கடல் முயலை ரீஃப் டேங்கில் விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் முயல் என்பது பாசி தின்னும் ஒரு கடல் நத்தை வகை; ரீஃப் டேங்க் என்பது பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. முடி போல வளரும் முடிப்பாசி மண்டிய பாறையைக் கடல் முயல் அளவுக்கு வேகமாக மேய்ந்து தீர்க்கும் உயிரிகள் குறைவு. ஆனால் ஒரு வயல் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போகிற நடவு ஆட்கள் மாதிரி, பாசி தீர்ந்ததும் அதுவும் இடம் மாறியாக வேண்டும். இதை யோசிக்காமல் வாங்குவதுதான் பெரிய தவறு. பாறை பளிச்சென்று ஆனபின் தீனியில்லாமல் உடல் சுருங்கிச் செத்துப்போகும். கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பாசித் தொல்லை உள்ள இன்னொரு டேங்க்காரரிடம் முன்பே பேசி வையுங்கள். இடையில் நோரித் தாளை (காய வைத்த கடற்பாசித் தாள்) கல்லில் கட்டிப் போடலாம். எல்லா முயலும் அதைத் தொடாது. வேண்டாமென்று வேதாரண்யம் கடலில் விடவே கூடாது. 200 லிட்டருக்குக் குறைந்த டேங்கில் இது பிழைப்பது கஷ்டம்.

அடுத்தது பவர்ஹெட், அதாவது டேங்குக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பு. இதன் மெத்தென்ற உடல் உறிஞ்சும் வாயில் ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும். பம்புக்கு ஸ்பாஞ்சு உறை, ஓவர்ஃப்ளோவுக்கு (தண்ணீர் வழிந்து வெளியேறும் வாய்) வலை, இரண்டையும் முயல் வருவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள். அடிபட்டாலோ மிரண்டாலோ ஊதா மையைக் கக்கும். அந்த நிறம் அது தின்ற சிவப்புப் பாசியிலிருந்து வருவது. தண்ணீரில் மை கலந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். முயலைத் தனி வாளிக்கு மாற்றி, புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, ஸ்கிம்மரை (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி) முழு வேகத்தில் ஓட விட்டு, 25 முதல் 30 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். செத்த முயலை ராத்திரி முழுக்க டேங்கிலேயே விட்டால் அமோனியா ஏறி மீனும் போகும். பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து இழுக்காதீர்கள். நகரும்போது தண்ணீருக்குள்ளேயே டப்பாவில் ஏந்தி எடுங்கள்.

நாகப்பட்டினம் பக்கத்து போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்பதற்காக அது கடல் தண்ணீர் ஆகிவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று முகத்துவாரத்தில் எடுக்கும் கடல் தண்ணீரிலும் உப்பு இறங்கியிருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் ஸால்ட் மிக்ஸ் கலந்து, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்று பாருங்கள். புது முயல் இருக்கும் தண்ணீரில் டேங்க் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு மணி நேரம் பழக்கிய பிறகே டேங்கில் விடுங்கள். மீன் நோய்க்கு காப்பர் மருந்து ஊற்றிய டேங்க் இதற்கு ஆகாது. சித்திரை வெயிலில் தண்ணீர் சூடு 27 டிகிரியைத் தாண்டாமல் சில்லரோ (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஃபேனோ வேண்டும். ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை அல்ல.

பாசி போய்விட்டதென்று, அதற்கு உரமாகும் பாஸ்பேட்டை மறந்துவிடுவதும் வழக்கம். முயல் தின்றதில் பெரும்பகுதி கழிவாகி டேங்குக்குள்ளேயேதான் விழுகிறது. அதைத் தினமும் சைஃபன் செய்து (குழாயால் உறிஞ்சி) எடுக்காமல், மீனுக்குப் போடும் தீனியையும் குறைக்காமல் இருந்தால், முயல் இடம் மாறியதும் அதே பாறையில் பாசி திரும்ப முளைக்கும்.