பேர் வெட்டிய பிறகுதான் எலும்பைப் பார்க்கணும்

அம்மா 36 வருஷம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தலையில் கூடையை மாட்டிக்கொண்டு செங்குத்தில் ஏறி இறங்கியவருக்கு எலும்பு தேயும் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. பேர் வெட்டி, அதாவது தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்றாவது வருஷம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிற படியில் பாசி வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே முறிந்தால் எலும்புத் தேய்வாக இருக்கலாம் என்றார் டொக்டர். எனக்கு 49 வயது. அம்மாவைவிட எனக்குத்தான் பயம் பிடித்தது.

ஏறத்தாழ 30 வயது வரைதான் எலும்பு சேரும். அப்புறம் செலவுதான். மாதவிலக்கு நின்ற முதல் சில வருஷத்தில் வேகமாகக் கரையும். அந்த நேரம் பார்த்து வேலையும் நின்று, அடுப்படியில் குந்திவிட்டால் கேட்கவே வேண்டாம்.

முதலில் சாப்பாடு. 50 தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். பெரிய கிளாஸ் பாலில் 300தான் கிடைக்கும். பால்மா விற்கிற விலையில் நான்கு கிளாஸ் யார் குடிப்பது? நாங்கள் நெத்தலிக் கருவாட்டுக்கு மாறினோம். முன்பெல்லாம் நடுமுள்ளை உருவி எறிவோம். கல்சியம் இருப்பதே அதில்தான். சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்குங்கள், உப்பு கூடினால் கல்சியம் சிறுநீரோடு போய்விடும். பிறகு மொறுமொறுவென்று பொரித்து முள்ளோடு மெல்லுங்கள். ரொட்டிக்குக் கோதுமை மாவில் பாதியைக் குறைத்துக் குரக்கன் (கேழ்வரகு) மா சேருங்கள். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது.

"நான்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போடுறேனே, அதுவும் கல்சியம்தானே?" என்று அம்மா மடக்கினார். பாக்கு வாய்ப்புற்றைக் கொண்டுவரும் அம்மா, அந்தக் கணக்கு வேண்டாம் என்றேன்.

வெயில் எங்கள் பக்கம் சிக்கல். மாதக்கணக்கில் மூடுபனி, வெயிலடித்தாலும் முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு. வெயில் தோலில் பட்டால்தான் விற்றமின் டி ஊறும், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பயனில்லை. பத்து மணிக்கு மேல் வெளிச்சம் வந்தால் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு கால் மணி நேரம் வாசலில் நில்லுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

நடை விடக் கூடாது. அதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழும்பி உட்காருங்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பதும் நல்லது. வாளியைக் குனிந்து தூக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள்.

இத்தனையும் செய்து படியை அப்படியே விட்டால் வீண். தம்பி பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒரு பக்கம் மூங்கில் கைப்பிடி கட்டினான். அடி தேய்ந்த செருப்பை நானே தூக்கி எறிந்தேன். இரவில் கக்கூசுக்குப் போக டோர்ச் தலைமாட்டில் இருக்கும்.

மூச்சிழுப்புக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீரொயிட் மாத்திரை குடிப்பவர்கள் எலும்பைப் பற்றியும் டொக்டரிடம் கேளுங்கள்; நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று: அளவாக இருந்த பழைய பாவாடை தரையில் புரள ஆரம்பித்தால் உயரம் குறைந்திருக்கிறது, முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். வயசு என்று விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மாவின் பாவாடையை நான் இரண்டு தடவை மடித்துத் தைத்திருக்கிறேன், அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.